குழந்தையின் கண்ணில் வெள்ளைப் புள்ளி: செல்லின் ‘ஹேண்ட் பிரேக்’ உடைந்தால் என்ன நடக்கும்?

பிறந்தநாள் வீட்டில் ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுக்கிறார்கள். கேக்குக்குப் பின்னால் நிற்கும் எல்லோருடைய கண்ணிலும் சின்னதாகச் சிவப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. குழந்தைக்கு மட்டும் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொரு கண் வெள்ளையாகவும் தெரிகிறது. ‘லைட் பட்டிருக்கும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த போட்டோவுக்கு விரலை நகர்த்துவது ரொம்பச் சுலபம்.

அந்தச் சிவப்பு, கண்ணின் பின்சுவரில் ஓடும் ரத்தத்தின் நிறம். வெள்ளையாகத் தெரிந்தால், ஒளி அங்கே போய்ச் சேராமல் வேறு எதிலோ பட்டுத் திரும்புகிறது என்று அர்த்தம். கேமரா பிடித்த கோணமே காரணமாக இருக்கலாம். பிறவிக் கண்புரையாக இருக்கலாம். ஆனால், மருத்துவர்கள் முதலில் ‘இது இல்லை’ என்று உறுதி செய்துகொள்ள விரும்பும் காரணம் ஒன்று உண்டு: ரெட்டினோபிளாஸ்டோமா. விழித்திரையில் வரும் குழந்தைப் புற்றுநோய்.

15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தெரிந்துவிடும். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,500 குழந்தைகள் பாதிக்கப்படுவதாக மதிப்பிடப்படுகிறது. சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்களில் இது முன்வரிசையில் இருக்கிறது. வசதியான நாடுகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். தாமதமானால் கட்டி பார்வை நரம்பு வழியாக மூளை வரை போய்விடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பழுப்பு, சாம்பல் நிறக் கண்களை நம் ஊரில் ‘பூனைக்கண்’ என்று ஆசையாகச் சொல்வோம். அது கருவிழியின் நிறம். அதில் ஆபத்து ஏதும் இல்லை. இங்கே பேசுவது கருவிழியின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டத்துக்குள், அதாவது கண்ணின் பாவைக்குள், தெரியும் வெள்ளையைப் பற்றி.

இவ்வளவு அரிதான ஒரு நோய், கேன்சர் ஆராய்ச்சியின் போக்கையே மாற்றியிருக்கிறது. காரணம், அது வரும் இடம். விழித்திரை செல்கள் ஒளியை வாங்குவது, அதைச் சிக்னலாக மாற்றுவது என ஒரே வேலைக்கென்று தயாரானவை. ஒருமுறை தயாராகிவிட்டால் அதன் பிறகு அவை பெருகுவதில்லை. பெருகுவதையே விட்டுவிட்ட செல்கள் இருக்கும் இடத்தில், பெருகுவதையே தொழிலாகக் கொண்ட புற்றுநோய் எப்படி வந்தது?

நிறுத்தி வைத்த வண்டிகள்

நம் உடலில் எல்லா செல்களும் ஒரே வேகத்தில் பிரிவதில்லை. குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதுசாகிறது. எலும்பு மஜ்ஜை ஓய்வே இல்லாமல் ரத்த செல்களைத் தயாரிக்கிறது. மூளையின் நரம்பு செல்லோ, நீங்கள் பிறந்தபோது இருந்த அதே செல்தான் பெரும்பாலும். எண்பது வயதிலும் அதுவே.

இதயம்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த விதம் விசித்திரமானது. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு சோதனை நடத்தியதில் காற்றில் கார்பன்-14 அளவு எகிறியது. சோதனைகளுக்குத் தடை வந்ததும் அது மெல்லக் குறைந்தது. ஒரு செல் எந்த ஆண்டில் பிறந்ததோ, அந்த ஆண்டின் கார்பன் அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். கிட்டத்தட்ட பிறப்புச் சான்றிதழ் மாதிரி. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரிசென் குழு இதை வைத்து இதயத் தசைச் செல்களின் வயதைக் கணக்கிட்டு 2009-ல் வெளியிட்டது. 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீத செல்கள்தான் புதிதாகின்றன. 75 வயதில் அதுவும் பாதிக்குக் கீழே போய்விடுகிறது.

மாரடைப்பில் செத்துப்போன தசை திரும்ப வளராததற்கும், இதயத்தில் தொடங்கும் புற்றுநோய் மிக மிக அரிதாக இருப்பதற்கும் பின்னால் இதே உண்மைதான் இருக்கிறது. பிரியாத செல் பெரும்பாலும் புற்றுநோய் ஆகாது. பிரியாத செல் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளவும் முடியாது. இரண்டும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள்.

கல்லீரல் மட்டும் விதிவிலக்கு. சும்மா இருக்கும் கல்லீரல் செல் பிரியாது. ஆனால் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தால், மிச்சமிருக்கும் செல்கள் பிரிந்து சில வாரங்களுக்குள் பழைய எடையைக் கொண்டுவந்துவிடும். அதன்பிறகு நிறுத்திக்கொள்ளும். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் இதில் பெரிய விஷயம்.

48 கேஸ் ஷீட்டுகள்

கதை 1971-க்குப் போகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனை. ஆல்ஃபிரட் நட்சன் என்ற மருத்துவர் அங்கே சிகிச்சை பெற்ற 48 ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தைகளின் விவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் வசதி அப்போது கிடையாது.

சில குழந்தைகளுக்கு இரண்டு கண்ணிலும் கட்டி, அதுவும் சீக்கிரமே, பெரும்பாலும் கைக்குழந்தையாக இருக்கும்போதே. மற்றவர்களுக்கு ஒரு கண்ணில் மட்டும், கொஞ்சம் தாமதமாக. இரண்டு கூட்டத்தையும் வயதுவாரியாகக் கோடு போட்டுப் பார்த்தபோது வடிவம் வேறாக இருந்தது. முதல் கூட்டத்தின் கோடு, ஏதோ ஒரே ஒரு விபத்துக்காகக் காத்திருந்தது போல. இரண்டாவது கூட்டத்தின் கோடு, இரண்டு விபத்துகள் நடக்க வேண்டியிருந்தது போல.

நட்சன் சொன்ன விளக்கம் இதுதான். ஒவ்வொரு செல்லிலும் ஒரு குறிப்பிட்ட மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இரண்டும் கெட்டால்தான் கட்டி. சாதாரணக் குழந்தைக்கு ஒரே செல்லில் இரண்டுமே தற்செயலாகக் கெட வேண்டும். அது அபூர்வம் என்பதால் ஒரு கண்ணோடு நின்றுவிடும். ஆனால் ஒரு பிரதி கெட்டுப்போன நிலையில் பிறக்கும் குழந்தைக்கு, உடம்பின் அத்தனை செல்லிலும் பாதிப் பாதுகாப்புதான் மிச்சம். இன்னும் ஒரே ஒரு அடி போதும்.

புற்றுநோய் என்றால் ஏதோ ஒரு மரபணு அதிகப்படியாக வேலை செய்வது என்ற எண்ணம் வலுத்துவந்த நேரத்தில், ‘வேலை செய்ய வேண்டிய ஒன்று இல்லாமல் போவதாலும் புற்றுநோய் வரும்’ என்று சொன்ன கணக்கு இது. அந்த மரபணு கையில் சிக்கியது 1986-ல். பாஸ்டனில் கண் மருத்துவர் தாடியஸ் டிரைஜாவும், ராபர்ட் வைன்பர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஃபிரெண்டும் 13-வது குரோமோசோமில் அதைக் கண்டுபிடித்தார்கள். பெயர் ஆர்.பி.1. புற்றுநோயைத் தடுக்கும் மரபணு என்ற வகையில் பிரித்தெடுக்கப்பட்ட முதல் மரபணு அதுதான்.

பிரேக் எப்படி வேலை செய்யுது?

ஆர்.பி.1 தயாரிக்கும் ஆர்.பி. புரதத்தை, சரிவில் நிறுத்தி வைத்த வண்டியின் ஹேண்ட் பிரேக் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு செல் பிரிய வேண்டும் என்றால் முதலில் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்க வேண்டும். அதற்குத் தேவையான மரபணுக்களை முடுக்கிவிடுவது ‘ஈ2எஃப்’ என்ற புரதக் குழு. ஆர்.பி. இந்த ஈ2எஃப்-ஐ இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். பிடி இருக்கும் வரை வண்டி நகராது.

பிரேக்கை விடுவிக்கும் ‘கை’யும் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘வளரலாம்’ என்ற சிக்னல் வெளியிலிருந்து வந்ததும் சைக்ளின் டி என்ற புரதம் கூடுகிறது. அது சி.டி.கே.4, சி.டி.கே.6 என்ற நொதிகளோடு சேர்ந்து ஆர்.பி. மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. ஒட்ட ஒட்ட ஆர்.பி.யின் பிடி தளர்கிறது. ஈ2எஃப் விடுபடுகிறது. வண்டி கிளம்பிவிட்டது.

இந்தக் ‘கை’ இருப்பது தெரியவந்தது மனித செல்லில் இல்லை, ஈஸ்ட்டிலும் கடல் முள்ளெலி முட்டையிலும். லீலாண்ட் ஹார்ட்வெல் ஈஸ்ட்டில் பிரிவைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களைத் தேடி எடுத்தார். டிம் ஹன்ட் 1982-ல் முள்ளெலி முட்டைகளில், ஒவ்வொரு பிரிவின்போதும் கூடிக் காணாமல் போகும் புரதத்தைக் கவனித்து அதற்கு சைக்ளின் என்று பெயர் வைத்தார். பால் நர்ஸ் ஆய்வகம் 1987-ல் செய்ததுதான் அசத்தல்: பிரிய முடியாமல் தவித்த ஈஸ்ட் செல்லுக்குள் மனித மரபணுக்களை அனுப்பிப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று ஈஸ்ட்டைப் பிரிய வைத்தது! நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரண்டு உயிரினங்களுக்கு ஒரே ஸ்பேர் பார்ட். மூவருக்கும் 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, ஏன் கண்?

ஆர்.பி. கிட்டத்தட்ட எல்லா செல்லிலும் இருக்கும் பிரேக். பிறவியிலேயே ஒரு பிரதி கெட்ட குழந்தைக்கு உடம்பு முழுக்க அந்தக் குறை உண்டு. அப்படியிருக்க முதலில் ஏன் விழித்திரை?

1992-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஆர்.பி. மரபணு கெட்ட எலிகளை உருவாக்கின. எல்லோரும் எதிர்பார்த்தது கண்ணில் கட்டி. ஆனால், ஒரு பிரதி கெட்ட எலிகளுக்குக் கண் நன்றாகவே இருந்தது. கட்டி வந்தது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில். எலியின் விழித்திரையில் ஆர்.பி. போனால், அதன் உறவுக்காரப் புரதமான பி107 கூடுதலாக வந்து அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அதே பிரேக், அதே பழுது. ஆனால் எந்த விலங்கு, எந்த செல், எந்த வயது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

மனிதக் கண்ணில் எந்த செல் குற்றவாளி என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த டேவிட் கோப்ரினிக் குழு 2014-ல் ஆதாரம் தந்தது. நிறம் பார்க்க உதவும் கூம்பு செல்லாக மாறிக்கொண்டிருக்கும் இளம் செல்களில் ஆர்.பி.யைக் குறைத்ததும் அவை பெருகத் தொடங்கி, எலிக்குள் வைத்தபோது கட்டியாகவே வளர்ந்தன. மற்ற விழித்திரை செல்கள் அப்படிச் செய்யவில்லை. இந்த இளம் கூம்பு செல்லில், பெருகுவதற்குத் துணை போகும் சில புரதங்கள் இயல்பாகவே அதிகம். மற்ற செல்கள் சமதளத்தில் நிற்கும் வண்டி என்றால் இது செங்குத்தான சரிவில் நிற்கும் வண்டி. எல்லாமே ஹேண்ட் பிரேக்கை நம்பித்தான் இருக்கு. இளம் செல்கள் முழு வளர்ச்சி அடைந்ததும் ஆபத்தும் கடந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு இந்த நோய் வருவது மிக மிக அபூர்வம் என்பதற்குக் காரணம் அதுதான்.

இதற்கு முன்பே, 2007-ல், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் மைக்கேல் டையர் குழு இன்னொரு நம்பிக்கையை உடைத்திருந்தது. முழுதாக வளர்ந்த நரம்பு செல் பிரியவே பிரியாது. பிரிய வேண்டுமானால் முதலில் தன் அடையாளத்தைத் துறந்து, கைகளைச் சுருக்கிக்கொண்டு, இளம் செல்லாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் பாடம். இவர்கள் எலியில் ஆர்.பி. குடும்பத்தின் மூன்று புரதங்களையும் ஏறக்குறைய முழுதாக நீக்கி, பி107-ன் ஒரே ஒரு பிரதியை மட்டும் விட்டு வைத்தார்கள். விழித்திரையின் கிடைமட்ட செல்கள், பக்கத்து செல்களோடு போட்டு வைத்திருந்த இணைப்புகளை விடாமலே, நரம்பு செல்லாக இருந்தபடியே பிரிந்தன. திரும்பத் திரும்பப் பிரிந்து, பரவக்கூடிய கட்டியாகவும் மாறின. ‘வளர்ந்து முடிந்த செல் பாதுகாப்பானது’ என்ற நிம்மதி அன்றோடு போனது.

பிரேக்கை நாமே விடுவித்தால்?

இதைக் கேட்டதும் சிலருக்குப் பயம் வரும், சிலருக்கு ஆசை வரும். பிரேக்கை எடுத்தால் நரம்பு செல்லே பிரியும் என்றால், காது கேளாதவர்களுக்கும் மாரடைப்பு வந்தவர்களுக்கும் அதைப் பயன்படுத்த முடியாதா?

முயன்று பார்த்திருக்கிறார்கள். உள்காதில் ஒலியை உணரும் ரோமச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 தான். அதிக சத்தத்தில் செத்துவிட்டால் மனிதருக்குத் திரும்ப வராது. பாஸ்டன் ஆய்வாளர்கள் 2005-ல் எலியின் உள்காதில் ஆர்.பி.யை நீக்கியபோது ரோமச் செல்கள் பெருகின. கொண்டாட்டம் நீடிக்கவில்லை. நாளடைவில் அந்த செல்கள் செத்து, எலிகள் செவிடாயின.

இதயத்தில் வேறு வழியில் போனார்கள். 2019-ல் இத்தாலி, பிரிட்டன் விஞ்ஞானிகள் மாரடைப்பு வந்த பன்றிகளின் இதயத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ-199ஏ என்ற சின்ன மூலக்கூறைச் செலுத்தி, தசைச் செல்களைப் பிரிய வைத்தார்கள். ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கி, இதயம் நன்றாகத் துடித்தது. பெரிய வெற்றி. ஆனால் நிறுத்தச் சொல்ல வழியில்லை. தொடர்ந்து பெருகிய முதிராத செல்கள் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைத்து, சிகிச்சை பெற்ற பன்றிகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் திடீரென இறந்துபோயின. இந்த ஆய்வை ‘தோல்வி’ என்று ஒதுக்கிவிட முடியாது. செல்லைப் பிரியச் செய்வதைவிட, நிறுத்தச் செய்வதுதான் கஷ்டம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை குறைவு.

மனித விஞ்ஞானிகளுக்கு முன்பே இந்த வித்தையைக் கற்றுக்கொண்டது வைரஸ்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள, டி.என்.ஏ. நகலெடுக்கும் பட்டறை திறந்திருக்க வேண்டும். கர்ப்பப்பை வாயின் மேலடுக்கு செல்களோ பிரிவதை நிறுத்தி, பட்டறையைப் பூட்டிவிட்டவை. அதனால் வைரஸ் தன் ஈ7 புரதத்தை அனுப்பி ஆர்.பி.யைப் பிடித்து அழிக்கிறது; பூட்டு திறந்துவிடுகிறது. இந்த இரண்டு புரதங்களும் பிணைவது 1989-ல் தெரியவந்தது. பெரும்பாலானோரின் உடல் இந்தத் தொற்றைத் தானாகவே விரட்டிவிடும். பல ஆண்டுகள் தங்கிவிட்டால்தான் புற்றுநோய். பெண் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே போடச் சொல்லும் தடுப்பூசி, இந்த வைரஸை செல்லுக்குள் நுழைய விடாமலே தடுக்கிறது.

‘கை’யைப் பிடித்து நிறுத்தும் மாத்திரை

பல மார்பகப் புற்றுநோய்களில் ஆர்.பி. உடையவில்லை. பிரேக் நன்றாகவே இருக்கிறது. அதை விடுவிக்கும் சைக்ளின் டி–சி.டி.கே. ‘கை’தான் ஓயாமல் இயங்குகிறது. அப்போ அந்தக் கையைக் கட்டிப்போட்டால்?

2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்ளிப் மாத்திரை அதைத்தான் செய்கிறது. சி.டி.கே.4, 6 இரண்டையும் முடக்குகிறது. அடுத்து ரிபோசிக்ளிப், அபெமாசிக்ளிப் வந்தன. ஹார்மோன் ஏற்பி உள்ள, முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு இன்று உலகம் முழுவதும் ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்துத் தருவது இந்த வகை மருந்துகளைத்தான். இந்தியாவில் பால்போசிக்ளிப்பின் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்ததும் உள்ளூர் நிறுவனங்களின் ஜெனரிக் மாத்திரைகள் வந்து விலை பெருமளவு இறங்கியது.

மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்தும் முறை ஏன் என்று பால்போசிக்ளிப் எடுப்பவர்கள் கேட்பதுண்டு. எலும்பு மஜ்ஜை வெள்ளை அணுக்களைத் தயாரிக்கவும் இதே ‘கை’ வேண்டும். மருந்து அதையும் பிடித்து வைப்பதால் வெள்ளை அணுக்கள் குறையும். அந்த ஒரு வாரம் மஜ்ஜை மூச்சு விட்டுக்கொள்ளும் நேரம்.

இந்த மருந்துக்கு ஒரு நிபந்தனை இருக்கு. ஆர்.பி. இருக்க வேண்டும். பிரேக்கே இல்லாத வண்டியில், பிரேக்கை விடுவிக்கும் கையைப் பிடித்து என்ன பயன்? சில நோயாளிகளுக்குக் கொஞ்ச காலம் கேட்ட மருந்து பிறகு கேட்காமல் போவதற்கு, கட்டி ஆர்.பி.யை இழந்துவிடுவதும் ஒரு காரணம். ஏறக்குறைய எப்போதும் ஆர்.பி. இல்லாமலே வளரும் ஒருவகை நுரையீரல் புற்றுநோயில் இந்த மாத்திரையால் கட்டியைக் கட்டுப்படுத்த முடியாது. ரெட்டினோபிளாஸ்டோமாவிலும் அப்படித்தான். எந்த நோய் இந்த பிரேக்கைக் காட்டிக்கொடுத்ததோ, அந்த நோய்க்கு இந்த மருந்து உதவாது.

போட்டோவில் வெள்ளை தெரிந்தால்

அந்தக் குழந்தைகளுக்கு நேரம்தான் மருந்து. வெவ்வேறு நாளில், வெவ்வேறு கோணத்தில் எடுத்த போட்டோக்களில் அதே கண்ணில் வெள்ளை தெரிந்தாலோ, குழந்தைக்குப் புதிதாக மாறுகண் வந்தாலோ தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாவையை விரிய வைக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையை முழுதாகப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற மருத்துவமனைகளில் கண் புற்றுநோய்க்குத் தனிச் சிகிச்சை வசதி உண்டு. கட்டி சிறிதாக இருந்தால் லேசர், குளிர் சிகிச்சை, கீமோதெரபி மூலம் கண்ணையே காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. பெரிதாகிவிட்டால், உயிருக்காகக் கண்ணை எடுக்க வேண்டி வரும். அந்த முடிவுக்குப் பெற்றோர் தயங்குவது இயல்பு. ஆனால் அந்தத் தயக்கத்துக்காகக் கட்டி காத்திருக்காது.

இரண்டு கண்ணிலும் வந்தால் அது பிறவியிலேயே இருக்கும் பிழை. ஒரு கண்ணில் மட்டும் வந்த குழந்தைகளிலும் சுமார் 15 சதவீதத்தினருக்கு அப்படி இருக்கும். இவர்களுக்குப் பின்னாளில் எலும்பு உள்ளிட்ட இடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். கதிர்வீச்சு அதை இன்னும் கூட்டும் என்பதால் முடிந்தவரை தவிர்க்கிறார்கள்.

அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பிழை போவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. பெற்றோரில் ஒருவருக்கே பிழை இருந்தால் தம்பி, தங்கைக்கும் அதே கணக்குதான். அதனால் அவர்கள் பிறந்த கையோடு கண் பரிசோதனை தொடங்க வேண்டும். பிறகு மயக்க மருந்து கொடுத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை என்று வருடக்கணக்கில் நீளும். ஆனால் அக்கா அல்லது அண்ணனின் ரத்தத்தில் ஆர்.பி.1 பிழை எது என்று ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தால், புதுக்குழந்தைக்கு அந்த ஒரு பிழையை மட்டும் தேடினால் போதும். அது இல்லை என்று தெரிந்துவிட்டால், இத்தனை மயக்க மருந்தும் வேண்டாம்.